நூறு கஜ ஓட்டமும் முடக்கத்தான் தோசையும்

இப்போதெல்லாம் ஓடுகிற பெண்களுக்கும் குதிக்கிற பெண்களுக்கும் மனசைப் பார்த்துக்கொள்ளவென்றே தனியாக ஆள் வைத்திருக்கிறார்களாம். தோற்றால் என்ன நினைக்க வேண்டும், ஜெயித்தால் என்ன நினைக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்களாம். பேப்பரில் படித்தேன். எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் நான் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டு, நூறு கஜப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தபோது என் மனசைப் பார்த்துக்கொள்ள ஒரு தெருவே இருந்தது. சம்பளம்கூட வாங்காமல் வேலை செய்தார்கள்.

எங்கள் தெருவில் குழந்தைகளை வாய்விட்டுப் புகழக் கூடாது. கண் பட்டுவிடும். மூக்கும் முழியுமாக இருக்கிற குழந்தையைக் குரங்கு என்றுதான் கொஞ்சுவார்கள். வகுப்பில் முதலாவதாக வந்த பையனின் அம்மா, "ஏதோ பாஸ் பண்ணித்து" என்பாள். கேட்கிறவளும் அதே தெருக்காரி என்பதால் அதற்கு என்ன அர்த்தமென்று அவளுக்குத் தெரியும். சுமார் என்றால் முதல் தரம். ஏதோ இருக்கா என்றால் ஊரிலேயே அழகி. உண்மையிலேயே சுமாரான பிள்ளைகளைப் பெற்றவர்கள் மட்டும்தான் தங்கள் பிள்ளைகளைத் தாராளமாகப் புகழ்ந்தார்கள். அங்கே கண் படுவதற்கு ஒன்றும் இல்லை. இந்தப் பாஷையில் எல்லோரும் பேசி, எல்லோரும் புரிந்துகொண்டு, தெரு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. என் அம்மாதான் ஒரு நாள் அளவு தெரியாமல் பேசிவிட்டாள்.

அதற்குக் காரணம் ஒரு சோப்புப் பெட்டி. எங்கள் பள்ளிக்கூடம் பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே டிரில் வகுப்பு என்றால் வரிசையாக நின்று கையைத் தூக்குவது, இறக்குவது. அந்த வருஷம் மேலேயிருந்து உத்தரவு வந்ததோ என்னவோ, பெண்களும் ஓட வேண்டும் என்று ஆயிற்று. பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே எவ்வளவு தூக்கிச் செருகலாம் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. எப்படி ஓட வேண்டும் என்பதைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லை. விளையாட்டு விழா அன்று தாவணியை இழுத்துப் பின் குத்திக்கொண்டு நான் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது மற்றவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். முதல் பரிசாக ரோஸ் கலரில் ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி கொடுத்தார்கள். உள்ளே சோப்பு இல்லை. பெண் பிள்ளைக்குப் பெட்டியே போதும் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உப்பையும் மிளகாயையும் என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை என்றால் பலமான கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நான் இருமித் தீர்த்தேன். "பாரு, நெடியே இல்லை" என்றாள் அம்மா, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய.

அப்போதுதான் மூன்றாம் வீட்டு மாமி வந்தாள். நல்ல மாமி. ஊரில் யாருக்கு எங்கே வலித்தாலும் மருந்தோடு முதலில் வந்து நிற்பவள். அவளுடைய தங்கைதான் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆனால் விழா அன்று டீச்சருக்கு லீவு. அதனால் ஜெயித்தது யார் என்ற செய்தி இன்னும் தெருவுக்கு வரவில்லை.

"என்னடி, பொண்ணு ஓட்டப் பந்தயத்துல ஓடினாளாமே?"

"ஓடினான்னு பேரு மாமி. கடைசியிலதான் வந்தா."

வழக்கப்படி சுமார் என்று சொல்லியிருந்தால் மாமி புரிந்துகொண்டு போயிருப்பாள். அம்மாவுக்கு அன்று பயம் அதிகம். கடைசி என்றே சொல்லிவிட்டாள். மாமியின் கண் ஜன்னலில் இருந்த சோப்புப் பெட்டிக்குப் போயிற்று.

"பின்ன ப்ரைஸ் குடுத்திருக்காளே?"

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "கால் சரியில்லைன்னு பாவம் பார்த்துக் குடுத்தா. இடது கால்ல இவளுக்கு பலமே இல்லை மாமி. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன."

நான் பக்கத்திலேயே, ரெண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தேன். மாமி என் இடது காலைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் நானும் குனிந்து பார்த்தேன். அதுவரை எனக்கு இடது கால், வலது கால் என்று தனித்தனியாக எதுவும் இருந்ததில்லை.

மாமி போன பிறகு, ஏம்மா இப்படிச் சொன்னே என்று கேட்டேன். "கண்ணு படும்டி. ஒனக்கென்ன தெரியும்" என்றாள் அம்மா. அப்பாவிடம் முறையிட்டேன். ஆபீஸிலிருந்து வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், பெண் ஓடினால் என்ன நடந்தால் என்ன என்று பக்கத்தைப் புரட்டினார். எங்கள் வீட்டில் என் ஓட்டத்தைப் பற்றி நடந்த முழு விவாதம் இதுதான்.

மறுநாள் காலையில் மாமி ஒரு கட்டு முடக்கத்தான் கீரையோடு வந்தாள். கால், கைப் பிடிப்புக்கு அதைவிட மருந்து கிடையாது, அரைத்து மாவில் கலந்து தோசை வார்த்துக் கொடு என்றாள். வேண்டாம் என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். அம்மா வாங்கிக்கொண்டாள். மாமி விட்டாளா? அவள் வீட்டுக் கொல்லையில் வேலி முழுக்க முடக்கத்தான் படர்ந்திருந்தது. கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தாள். சாப்பிட்டாளா, எத்தனை தோசை, வலி குறைந்திருக்கா என்று தினமும் விசாரித்தாள். வீட்டில் எல்லோரும் பச்சைத் தோசை தின்றோம். ஒரு காலும் முடங்காமல் இருந்த அப்பாவும் தின்றார். அதோடு ஒரு தைலம் வேறு. அதன் வாசனையில் பஸ்ஸில் என் பக்கத்து ஸீட் எப்போதும் காலியாக இருந்தது. அது ஒன்றுதான் லாபம்.

"மாமி ஆத்து வாசலைத் தாண்டறவரைக்கும் கொஞ்சம் சாய்ச்சு நடடி. பாவம், இவ்வளவு பண்றா" என்றாள் அம்மா.

ஆகவே நான் தினமும் காலையில் மூன்றாம் வீடு வரை ஒரு மாதிரியாகவும், அதற்குப் பிறகு சாதாரணமாகவும் நடந்தேன். ஒரு நாள் ஞாபகப் பிசகாக வலது காலைச் சாய்த்துவிட்டேன். "ஐயோ, அந்தக் காலுக்கும் வந்துடுத்தா" என்று மாமி உள்ளே ஓடினாள், இன்னொரு கட்டுக் கீரை பறிக்க. இப்படிச் சாய்ந்து நடந்ததில் நேரமாகிவிடும். தெருக்கோடியில் பஸ் உறுமும் சத்தம் கேட்கும். மாமி வீட்டைத் தாண்டியதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமாய் ஓடி பஸ்ஸைப் பிடிப்பேன். யோசித்துப் பார்த்தால், அந்த வருஷம் எனக்குக் கிடைத்த ஒழுங்கான பயிற்சி இதுதான்.

கோயிலில் பிரதட்சிணம் வரும்போது தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் என் காலைத்தான் பார்த்தார்கள். பிறகு முகத்தைப் பார்த்து, தேவலையா என்றார்கள். தேவலை என்று சொல்லிச் சொல்லி எனக்கே, முன்பு ஏதோ இருந்திருக்கிறது போல என்று தோன்ற ஆரம்பித்தது.

சிரிப்பாக இருக்கிறது இல்லையா. எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நொண்டல் மாமி வீட்டு வாசலோடு நிற்கவில்லை. பஸ் ஏறி, காவேரிப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிட்டது. ஓட்டக் கோட்டில் போய் நிற்பேன். இடது கால் இருப்பது தெரியும். விசில் ஊதியதும் மற்றவர்கள் போய்விடுவார்கள். நான் அந்தக் காலைக் கேட்டுக்கொண்டு நிற்பேன், வலிக்கிறதா, இனிமேல்தான் வலிக்கப்போகிறதா என்று. நாலாவதாக வந்தேன். ஐந்தாவதாக வந்தேன். ஒரு நாள் பாதியில் நின்றுவிட்டேன். நிஜமாகவே வலித்தது. பாத்ரூமில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். தோற்றதற்காக அழவில்லை. ஜெயித்தது நான்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது, அதற்காக அழுதேன். ஒருவேளை அன்றும் பாவம் பார்த்துத்தான் பெட்டி கொடுத்திருப்பார்களோ?

டிரில் டீச்சரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். அவரிடம் ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தது. கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். ஓடி முடித்ததும் அதைப் பார்ப்பார், பிறகு கையால் மூடிக்கொள்வார்.

"எவ்வளவு டீச்சர்?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? ஓடுறதை ஓடு. பொம்பளப் புள்ளைங்களுக்கு அதைச் சொன்னா தலைக்கனம் வந்துடும்."

நன்றாக ஓடிய காலத்திலும் சொல்லவில்லை, மோசமாக ஓடிய காலத்திலும் சொல்லவில்லை. தலைக்கனம் வராமல் பார்த்துக்கொள்வதில் எங்கள் தெருவுக்குக் கொஞ்சமும் குறைந்தவர் இல்லை அவர். இந்த இரண்டு பக்கக் காவலில் என் தலை மிகவும் லேசாக இருந்தது. காற்றடித்தால் பறந்துவிடும்.

அம்மா நான் தோற்பதைக் கேள்விப்பட்டாள். அவள் கண்டுபிடித்த காரணம், கண் பட்டுவிட்டது என்பதுதான். இவ்வளவு மறைத்தும் எவளோ கண் போட்டுவிட்டாளே என்று அங்கலாய்த்தாள். மறைத்தது போதவில்லை என்று, காலோடு முதுகையும் சேர்த்துக்கொண்டாள். மாமி நொச்சி இலையோடு வந்தாள்.

இந்த நிலைமையில் ஜில்லாப் போட்டி வந்தது. கண்டோன்மென்ட் பக்கத்து மைதானத்தில், எல்லாப் பெண்கள் பள்ளிக்கூடங்களும் சேர்ந்து. நூறு கஜத்துக்குப் பள்ளிக்கு ஒருத்திதான். விழாவில் முதலாவதாக வந்தவள் என்பதால் என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அந்தப் போட்டி வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. காலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஊரார் நடுவில் ஒரே ஒரு தடவை ஓடிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. அதுவும் போய்விட்டால் நான் மாமி வீட்டு வாசலில் நடப்பது போலத்தான் காலம் முழுக்க நடப்பேன் என்று பயம்.

கணக்கு டீச்சரும் அக்காவைப் போலவே நல்லவள். விழாவில் யார் முதல் என்று விசாரிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை, அக்கா சொன்னதே போதும். நேரே ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய், கால் ஊனமுள்ள பெண்ணை ஓடவிடுகிறீர்களே, அவள் வீட்டில் வைத்தியம் நடக்கிறது, எங்கள் அக்காதான் கீரை கொடுக்கிறாள் என்று சொல்லிவிட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டார்.

"உன் காலுக்கு என்ன?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தெரியலை மேடம்" என்று வந்தது.

அவர் டிரில் டீச்சரைப் பார்த்தார். "இவ எப்படிங்க ஓடுவா?"

டிரில் டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சுமாரா ஓடுவா" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன் அல்லவா, தலைக்கனம் வந்துவிடுமே.

"அப்படின்னா நாளைக்கு உங்க அம்மாவைக் கூட்டிட்டு வா. கால்ல ஒண்ணுமில்லைன்னு அவங்க என் எதிர்ல சொல்லணும். இல்லேன்னா வேற பொண்ணை அனுப்புறேன். நீ விழுந்து ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அந்த வேறு பெண் என் பெஞ்சுத் தோழிதான். பாலக்கரையில் தோல் வியாபாரியின் மகள். விழாவில் எனக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவள். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உன் காலுக்கு ஒண்ணுமே இல்லை. நீ பஸ்லேருந்து இறங்கி ஓடி வர்றதைத் தினம் பார்க்குறேனே. நான் போனா தோத்துட்டுத்தான் வருவேன். எங்க அத்தா வேற திட்டுவாங்க. உங்க அம்மாவை ஒழுங்கா சொல்லச் சொல்லு."

ஒழுங்காகச் சொல்லச் சொல்வதாம். என் அம்மாவை அவளுக்குத் தெரியாது. பெற்ற பெண்ணைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை, அதுவும் அந்நியர்கள் நடுவில், அதுவும் மூன்றாம் வீட்டு மாமியின் தங்கை முகத்துக்கு நேரே. அதைவிட அம்மா கொள்ளிடத்தை நீந்திக் கடந்துவிடுவாள்.

வந்தாள். மடிசாரைச் சரியாகக் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பஸ்ஸில் என்னோடு வந்தாள். அறையில் ஹெட்மிஸ்ட்ரஸ், டிரில் டீச்சர், ஜன்னலோரம் கணக்கு டீச்சர். அம்மா நாற்காலியில் உட்காரவில்லை.

"உங்க பொண்ணு காலுக்கு ஏதாவது இருக்காங்க?" என்று கேட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

அம்மா கணக்கு டீச்சரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஏதோ ஓடுவா" என்றாள்.

"ஏதோன்னா எனக்கு எப்படிப் புரியும்? இருக்கா, இல்லையா? சரி, எதுக்கு வம்பு. பெயரை எடுத்துடறேன்."

ஹெட்மிஸ்ட்ரஸ் பேனாவின் மூடியைக் கழற்றினார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

"கால்ல ஒண்ணுமே இல்லை" என்றாள் அம்மா. கஷாயம் குடிக்கிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். "நான் சொன்னதெல்லாம் பொய். ரெண்டு காலும் நன்னா இருக்கு. அவ ஓடினா அவளுக்கு முன்னாடி ஓடறதுக்கு இந்த ஜில்லாவுலேயே ஒருத்தி கெடையாது."

கணக்கு டீச்சர் வாயைப் பிளந்தாள். எவ்வளவு கீரை என்று மனதில் கணக்குப் போட்டிருக்க வேண்டும். டிரில் டீச்சர் ஸ்டாப் வாட்சைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் பேனாவை மூடினார். பெயர் அப்படியே இருந்தது.

நான் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. மெயின்கார்டு கேட் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது சொன்னேன். "எனக்காக அவா முன்னாடி அவ்வளவு பெரிய பொய் சொல்லிட்டியேம்மா."

நன்றியோடுதான் சொன்னேன்.

"எது பொய்?"

"நான் நன்னா ஓடுவேன்னு சொன்னியே, அது."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்ரீரங்கம் பஸ் வந்தது. ஏறவில்லை. கண்டக்டர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். பஸ் போயிற்று. அம்மாவின் முகம் கோணிக்கொண்டு வந்தது. ரோட்டில் நின்று அழுது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தினம் நீ வாசலை விட்டு இறங்கினதும் நான் மொட்டை மாடிக்குப் போயிடுவேன்டி" என்றாள், தலைப்பை எடுத்துவிட்டு. "மாமி ஆத்தைத் தாண்டினதும் ஓடுவியே, அதைப் பாக்கறதுக்குத்தான். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாக்கூட இறங்கி வரமாட்டேன். ஒனக்குச் சொன்னதில்லை. யாருக்குமே சொன்னதில்லை."

கோபம்தான் வந்தது. மாடியிலிருந்து கீழே இறங்கி வந்து இதை ஒரு நாள் சொல்லியிருந்தால் என்ன? சொல்லவில்லை. இப்போது சொல்கிறாள், நான் நம்ப முடியாமல் நிற்கிறேன். இதே அம்மாதான் கால் சரியில்லை என்றும் சொன்னாள், இதே முகத்தோடு, இதே குரலில். இரண்டில் ஒன்று பொய். எது என்று அவளைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

அந்தச் சந்தேகத்தோடுதான் ஜில்லாப் போட்டியின் கோட்டில் போய் நின்றேன். பக்கத்தில் ரயில்வே காலனிப் பெண் ஒருத்தி, முழங்கால் தெரிகிற கால்சட்டையும் கான்வாஸ் ஷூவுமாக நின்றாள். நான் வெறுங்கால். இடது கால் வழக்கம்போல் தான் இருப்பதைத் தெரியப்படுத்தியது. அம்மா என் ஓட்டத்தைப் பார்த்த இடம் ஒன்றுதான், மாமி வீட்டுக்கும் தெருக்கோடிக்கும் நடுவில். அந்தத் தெருவில்தான் நிற்கிறேன், பஸ் உறுமுகிறது என்று நினைத்துக்கொண்டேன். விசில் ஊதினார்கள். ஓடினேன்.

அம்மா சொன்னது முழு உண்மையில்லை. எனக்கு முன்னால் ஓட இந்த ஜில்லாவில் ஒருத்தி இருந்தாள், கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு. மற்ற அத்தனை பேரும் எனக்குப் பின்னால்தான் வந்தார்கள். அம்மா என்னைப் பற்றி இந்த அளவுக்கு உண்மை பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.